கஷ்டம் யாருக்கு? ஹார்ட்ஷிப் கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், தன் கணவருக்காக எழுதிய கடிதத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். (அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.) கடிதம் இரண்டு பக்கம். கணவர் குடிப்பதில்லை, கோயில் வேலை என்றால் முன்னால் நிற்பார், ஊரில் உள்ள பெற்றோருக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார் என்றெல்லாம் இருந்தது. தன்னைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி: ‘அவர் இல்லாவிட்டால் நான் மிகவும் கஷ்டப்படுவேன்.’

சட்டம் முதலில் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். குடிவரவு வக்கீலாக நான் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகின்றன.

இந்தக் கடிதம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, 180 நாட்களுக்கு மேல் அனுமதியில்லாமல் தங்கிவிட்டு வெளியேறியவர் 3 வருடம் திரும்பி வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 வருடம். இந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்பதுதான் வேவர். அந்த விண்ணப்பத்தோடு, குடும்பத்துக்கு வரப்போகும் கஷ்டத்தை விளக்கி எழுதுவதுதான் ஹார்ட்ஷிப் கடிதம். வெளிநாட்டில் இருந்துகொண்டு கேட்டால் ஐ-601 படிவம். விசா நேர்காணலுக்குப் புறப்படும் முன், அமெரிக்காவிலேயே இருந்து கேட்டால் ஐ-601ஏ. இது 2013-இல் வந்தது.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. விசாவோடு முறையாக வந்து, காலம் முடிந்த பின்னும் தங்கி, அப்புறம் குடியுரிமை உள்ளவரை மணந்தவர் பெரும்பாலும் இங்கே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் யாரோ சொன்னதைக் கேட்டு ஊருக்குப் போனால், இல்லாத தடையைத் தானே வரவழைத்துக்கொள்கிறார். தயவுசெய்து டிக்கெட் எடுப்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

எல்லையில் சோதனையில்லாமல் உள்ளே வந்தவர்களின் கதை வேறு. அந்தப் பெண்ணின் கணவர் அப்படி வந்தவர்; வெளியே போய்த்தான் விசா எடுக்க வேண்டும். அவருக்கு வேவர் வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். விண்ணப்பிக்கிறவர் படும் கஷ்டம் கணக்கில் வராது. இந்தத் தடைக்கான வேவரில், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி அல்லது பெற்றோர் படப்போகும் கஷ்டத்தைத்தான் பார்ப்பார்கள். பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கேட்டதும் அழாத தாயை நான் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளையின் கஷ்டம் தாயை எப்படித் தாக்கும் என்று எழுதலாம். ஆட்டிசம் உள்ள மகனைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் அவளுடைய வேலை என்னாகும், உடம்பு என்னாகும் என்று எழுதினால் அது அவளுடைய கஷ்டமாகிவிடும்.

அந்தக் கஷ்டமும் ‘மிகக் கடுமையானதாக’ இருக்க வேண்டும். பிரிவின் வேதனை, வருமானம் குறைவது, புது ஊரில் பழகுவது எல்லாம் எந்தக் குடும்பத்துக்கும் வருவதுதான் என்பது அதிகாரிகளின் கணக்கு. அவை மட்டும் போதாது. ஆனால் தனித்தனியாகச் சிறியதாகத் தெரிபவற்றையும் மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். கேள்வி இரண்டு: அவர் போய், நீங்கள் இங்கேயே இருந்தால் என்ன ஆகும்? நீங்களும் கூடப் போனால் என்ன ஆகும்?

இரண்டாவது கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “இலங்கைக்கு எப்பிடி அக்கா நான் போறது? அங்க இருந்து தப்பி வந்துதானே எனக்கு அசைலம் குடுத்தவங்கள்,” என்றார். கடிதத்தில் இது இல்லை! திரும்பிப் போக வேண்டிய அதே நாட்டிலிருந்து தப்பி வந்து அடைக்கலம் பெற்றவர் என்பதைத் தனி முக்கியத்துவத்தோடு பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.-இன் கொள்கைக் கையேட்டிலேயே இருக்கிறது.

சரி, இங்கேயே இருந்தால்? வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார், தனக்கு வலிப்பு உண்டு என்று. “அதை எழுதலாமே?” என்றேன். “சனத்துக்குத் தெரிஞ்சா தங்கச்சிக்குக் கலியாணம் பேசேலாது அக்கா.”

எனக்கு மனசு கனத்துப் போயிற்று. நோய், கடன், மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரை எல்லாவற்றையும் மூடி வைத்தே வளர்ந்தவர்கள் நாம். அந்த ஃபைல் வக்கீலுக்கும் அரசு அதிகாரிக்கும் மட்டும்தான். கோயிலில் பார்க்கும் மனிதர்களுக்கு அது போகாது. அதில் மறைத்தால் நஷ்டம் நமக்கு.

எழுதும்போது நாள், கிழமை, தொகை, மருந்தின் பெயர் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வையுங்கள்: டாக்டர் கடிதம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு யார் வேலையில் வருகிறது என்பதற்கு ஆதாரம். தமிழ் ஆவணமென்றால் மொழிபெயர்த்தவரின் சான்றோடு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கணவர் நல்லவர் என்பதும் வீணில்லை. கஷ்டம் நிரூபணமான பின், வேவர் தரலாமா என்று முடிவெடுக்கும்போது அதிகாரி அதையும் பார்ப்பார். ஆனால் காசு கொடுத்து வாங்கும் ரெடிமேட் கடிதம் வேண்டவே வேண்டாம். அதில் ஒரு பொய் இருந்து, அது மோசடி என்று முடிவானால் விண்ணப்பித்தவருக்கு ஆயுள் முழுக்கத் தடை வரலாம்.

இன்னொன்று. ஐ-601ஏ அனுமதியின்றித் தங்கியதால் வரும் தடைக்கு மட்டும்தான். தூதரக நேர்காணலில் வேறு தடை ஏதாவது வெளிப்பட்டால் கிடைத்த வேவர் ரத்தாகிவிடும். மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல் அனுமதியின்றி இருந்து, வெளியே போய், மறுபடியும் எல்லை தாண்டி வந்தவருக்கு ஹார்ட்ஷிப் கடிதமே உதவாது. வெளியே போய் 10 வருடம் கழித்துத்தான் அனுமதியே கேட்க முடியும். பழைய பயணம் எதையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் கடிதத்தை மறுபடி எழுதினோம். இப்போது அது இப்படித் தொடங்குகிறது: ‘எனக்கு வலிப்பு நோய் இருப்பதால் நான் கார் ஓட்டக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரை மணிக்கு என் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது என் கணவர்.’