எண்டோமெட்ரியோசிஸ்: ஸ்கேன் இயல்பாக இருந்தும் தொடரும் வலி

மாதவிடாயின் முதல் நாளில் அடிவயிற்றில் ஓரளவு வலி இருப்பதும், அது ஒரு மாத்திரையிலோ சிறிது ஓய்விலோ அடங்கிவிடுவதும் இயல்பு. ஆனால், மாதந்தோறும் பள்ளிக்கோ வேலைக்கோ போக விடாமல் சுருண்டு படுக்க வைக்கிற வலியையும், மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்பே தொடங்கி அது முடிந்த பிறகும் விடாத வலியையும் ‘பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் சகஜம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பலருக்கு, வலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே அது இன்ன நோய் என்று தெரியவருகிறது.

கருப்பையின் உட்புறப் படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். சினைப்பைகள், கருக்குழாய்கள், இடுப்புக்குழியை மூடியிருக்கும் மெல்லிய உறை, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆகிய இடங்களில் இது பெரும்பாலும் காணப்படுகிறது. குடலிலும் சிறுநீர்ப்பையிலும் சிலருக்கு வரலாம். அரிதாக உதரவிதானத்திலோ சிசேரியன் தழும்பிலோகூட வருவதுண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் இத்திசுவைச் சுற்றி அழற்சியும் இரத்தக்கசிவும் ஏற்பட்டு, நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாதவிடாய் இரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வதே காரணம் என்பது நெடுங்கால விளக்கம். பெரும்பாலான பெண்களுக்கு அப்படிச் சென்றாலும் சிலருக்கு மட்டுமே நோய் வருவதால், மரபணுக்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்தால் வாய்ப்புக் கூடுகிறது. உணவாலோ நடத்தையாலோ தானே வரவழைத்துக்கொண்டதாக எந்தப் பெண்ணும் எண்ண வேண்டியதில்லை.

ஆலோசனைக்கு வருபவர்கள் மாதவிடாய் வலியைச் சொல்வார்கள். மற்றதைக் கேட்டால்தான் சொல்வார்கள். மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறதா, தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலிக்கிறதா என்ற மூன்று கேள்விகளை வெளிப்படையாகக் கேட்காத பரிசோதனை முழுமையானதல்ல என்பது என் கருத்து. வயிறு உப்புசத்துக்கும் மலச்சிக்கலுக்கும் குடல் மருத்துவரிடம் நெடுநாள் சிகிச்சை பெற்ற பிறகே மகளிர் நோய் மருத்துவர்களான எங்களிடம் வருபவர்கள் உண்டு. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு வலி, எத்தனை மாத்திரை என்று இரண்டு மூன்று சுழற்சிகளுக்குக் குறித்து வைத்த ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம், கட்டுக்கட்டான பரிசோதனை அறிக்கைகளைவிடப் பல நேரம் பயன்படுகிறது.

அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் ‘இயல்பு’ என்றே இருக்கும். சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் ‘சாக்லேட் கட்டி’யையும், ஆழமாக ஊடுருவிய நோயையும் பயிற்சி பெற்றவர் செய்யும் ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ காட்டிவிடும், ஆனால் இடுப்புக்குழி உறையின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் அளவில் படர்ந்திருக்கும் புள்ளிகள் அவற்றில் தெரிவதில்லை. எனவே, இயல்பான ஸ்கேன் நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையும் இதற்கு உதவாது. முன்பு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே செலுத்தும் அறுவை சிகிச்சை, செய்து பார்த்தால்தான் நோய் உறுதியாகும் என்றிருந்த நிலையை, 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் மாற்றியது. அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாமல், மருந்தும் பலன் தராமல் போனவர்களுக்கே அந்த அறுவை சிகிச்சையை யோசிக்கிறோம்.

லேப்ராஸ்கோப்பியில் பார்க்கும்போது பளபளப்பான உறையின்மேல் கருநீலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சில இடங்களில் அவை சிவப்பாகவோ வெண்தழும்பாகவோ இருக்கும். முற்றிய நிலையான நான்காம் நிலையில் இரு சினைப்பைகளும் கருப்பையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்க, கட்டியைத் திறந்தவுடன் கெட்டியான பழுப்புத் திரவம் வழியும். ஆச்சரியம் என்னவென்றால், இந்த நான்காம் நிலையிலுள்ள சிலருக்கு வலியே இருப்பதில்லை; நாலைந்து புள்ளிகள் மட்டும் உள்ளவர் வலியால் துடிப்பார். நோயின் நிலையைக் கொண்டு வலியை அளக்க முடியாது.

சிகிச்சையைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி, இப்போது கருத்தரிக்க விருப்பமா என்பதே. இல்லையெனில் இபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி நிவாரணிகளோடு ஹார்மோன் மருந்துகளைச் சேர்க்கலாம். கூட்டுக் கருத்தடை மாத்திரை, நாள்தோறும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட், கருப்பைக்குள் பொருத்தும் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் சாதனம் ஆகியவற்றில் எல்லோருக்கும் சிறந்தது என்று ஒன்று கிடையாது. பக்கவிளைவும் வசதியும் பார்த்தே தேர்ந்தெடுக்கிறோம். டைனோஜெஸ்ட் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற இரத்தப்போக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பலர் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். இவற்றுக்குக் கட்டுப்படாதபோது ஈஸ்ட்ரோஜனை வெகுவாகக் குறைக்கும் ஊசிகளும் மாத்திரைகளும் உள்ளன. எலும்பின் அடர்த்தி குறையும் என்பதால் நீண்ட நாள் தேவைப்படும்போது சிறிதளவு ஹார்மோனையும் சேர்த்தே தருகிறோம். இவையெல்லாம் நோயை அடக்கி வைப்பவை. நிறுத்தினால் வலி திரும்பக்கூடும்.

கருத்தரிக்க விரும்புபவருக்கு இந்த ஹார்மோன் மருந்துகள் பயன் தருவதில்லை. அவை கருமுட்டை வெளியேறுவதைத் தடுத்துக் காலத்தை வீணாக்கும். வயது, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு, கருக்குழாய்களின் நிலை, கணவரின் விந்தணுப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து, சிலருக்கு லேப்ராஸ்கோப்பியையும் சிலருக்கு நேரடியாக ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) முறையையும் பரிந்துரைக்கிறோம். சாக்லேட் கட்டியை ஊசியால் உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் நிரம்பிவிடும். சுவரோடு உரித்தெடுத்தால் அதனுடன் நல்ல கருமுட்டைகளும் போகும். ஆகவே, ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்த சினைப்பையில் மறுபடி கை வைக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். உடனே குழந்தை வேண்டாம் என்பவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் ஹார்மோன் மருந்தைத் தொடர்வது நோய் திரும்புவதைக் குறைக்கிறது.

‘ஒரு குழந்தை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரையை மருத்துவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். கர்ப்ப காலத்தில் வலி குறையலாமே தவிர, கர்ப்பம் சிகிச்சையல்ல. கருப்பையை அகற்றுவதும் முழுத் தீர்வல்ல. வெளியே உள்ள திசுவை விட்டுவைத்தால் வலி தொடரலாம். நெடுநாள் வலியால் இறுகிப்போன இடுப்புத்தளத் தசைகளுக்கு இயன்முறை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. புற்றுநோய் பற்றிய அச்சத்தையும் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்றாலும், மொத்தத்தில் அது மிகக் குறைவே. ஆயினும், மாதவிடாய் நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ அதனுள் திடப்பகுதி தென்பட்டாலோ உடனே பரிசோதிக்க வேண்டும்.