கிரெடிட் சீட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்

வங்கிப் பதவி உயர்வு நேர்காணலுக்குப் பெண் அதிகாரிகளைத் தயார்செய்யும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: "நீங்களே நேரில் பார்த்து, பரிந்துரை எழுதி, சாங்ஷன் ஆன கடன்களில் பெரியது எவ்வளவு?" ஸ்கேல், அதாவது அதிகாரிகளின் பதவிப் படி, இரண்டிலிருந்து மூன்றுக்கோ, மூன்றிலிருந்து நான்குக்கோ போக வந்திருப்பவர்கள். வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் பல பேரிடமிருந்து வரும் பதில், "எனக்கு எப்பவும் டெபாசிட் சைடுதான் மேடம். நகைக்கடன் பார்த்திருக்கேன்."

கிரெடிட் சீட், அதாவது கடன் கொடுக்கும் பிரிவின் வேலை, இவர்களுக்குக் கிடைக்காமல் போவதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். "கிரெடிட்னா ஃபீல்டு விசிட், ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன்னு அலைச்சல். உங்களுக்குச் சின்னக் குழந்தை வேற" என்று மேலாளர் சொல்வார். அக்கறையாகத்தான் சொல்வார். நமக்கும் அப்போதைக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் வங்கி ஆகட்டும், என்.பி.எஃப்.சி. என்கிற வங்கியல்லாத நிதி நிறுவனம் ஆகட்டும், லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் கடன் புத்தகத்திலிருந்துதான், அதாவது கொடுத்திருக்கும் மொத்தக் கடன்களிலிருந்துதான், வருகின்றன. தலைமைக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைக் கையாண்டவரைத்தான் தேடுவார்கள். இருபது வருடம் கழித்து 'மேலே பெண்களே இல்லையே' என்று வருத்தப்படுவதற்கான காரணம், இந்தச் சீட் ஒதுக்கீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

சென்னைக்காரர்களுக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி, 1995-96-ல் மட்டும் சுமார் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. 1999-ல் ரிசர்வ் வங்கி அமைத்த வர்மா குழு, பலவீனமான பொதுத்துறை வங்கிகள் என்று மூன்றைக் குறிப்பிட்டது. அதில் இதுவும் ஒன்று. இந்த நிலையில்தான் 2000-ல் ரஞ்சனா குமார் அதன் தலைவர், நிர்வாக இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். பொதுத்துறை வங்கி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். விருப்ப ஓய்வுத் திட்டம், நிர்வாக அடுக்குகளைக் குறைப்பது, வாராக்கடன் வசூல் என்று எல்லாமே கசப்பான வேலைகள். 2001-02-ல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. 2007-ல் பொதுப் பங்கு வெளியீட்டுக்கே போனது. பிறகு அவர் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டின் தலைவராகவும், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் ஆணையர்களில் ஒருவராகவும் இருந்தார்.

நல்ல நிலையில் இருந்த வங்கியாக இருந்திருந்தால் அன்று ஒரு பெண்ணிடம் கொடுத்திருப்பார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கிளை மட்டத்திலும் அதைப் பார்க்கிறேன். வேறு யாரும் போக விரும்பாத, என்.பி.ஏ. (வாராக்கடன்) ஏறிக் கிடக்கிற கிளையைப் பெண் அதிகாரிக்கு முதல் மேலாளர் பதவியாகக் கொடுப்பார்கள். எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சார்ஜ் எடுக்கும்போதே எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்: எந்தக் கணக்கில் டாக்குமெண்ட் காலாவதி, எதில் அடமானம் பதிவாகவில்லை, எதில் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கவில்லை, எந்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மாதக்கணக்காக வரவில்லை. பட்டியல் போட்டு ரீஜனல் ஆபீசுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னவரைக் காட்டிக்கொடுப்பது போலிருக்கிறது என்று தயங்குவீர்கள். தயங்கினால் அவருடைய குறைகள் எல்லாம் ஆறே மாதத்தில் உங்கள் குறைகளாகிவிடும்.

இங்கே பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். பெண்கள் கிரெடிட்டை ஒதுக்குவதற்கு அலைச்சலைவிடப் பெரிய காரணம் ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டி, அதாவது கெட்ட கடனுக்கு ஊழியரைப் பொறுப்பாக்குவது. கடன் கெட்டால் விசாரணை வரும், மெமோ வரும், ஓய்வு பெறும் நேரத்தில் சார்ஜ் ஷீட் வரும். இந்தப் பயம் நியாயமானது. அதற்கு மருந்து கோப்புதான். கடன் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பார்த்த அறிக்கை, பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனதா என்ற சரிபார்ப்பு, உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் அதை நோட்டில் எழுதும் துணிச்சல். மேலதிகாரி போனில் "ரிலீஸ் பண்ணிடும்மா, அப்புறம் பேப்பர் பாத்துக்கலாம்" என்பார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, அன்றே 'தாங்கள் தொலைபேசியில் கூறியபடி' என்று ஒரு மெயில் போட்டு உறுதி கேளுங்கள். பாதி நேரம் அந்த உத்தரவே காணாமல் போய்விடும். கடன் கெடுவது தொழிலில் சகஜம். ஆனால் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்று விசாரணையில் காட்டுவதற்குக் கோப்பில் ஆதாரம் இருக்க வேண்டும்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர். ரஞ்சனா குமார் பாங்க் ஆஃப் இந்தியாவின் அமெரிக்கச் செயல்பாடுகளை நியூயார்க்கிலிருந்து பார்த்தவர். 2018 முதல் 2021 வரை இந்தியன் வங்கிக்குத் தலைமை வகித்து, அலகாபாத் வங்கி இணைப்பை நடத்திய பத்மஜா சுந்துரு, அதற்கு முன் ஸ்டேட் வங்கியின் அமெரிக்கப் பிரிவை நடத்தியவர். 2013-ல் ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யாவும் நியூயார்க் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான். வெளிநாட்டுக் கிளையில் அந்நியச் செலாவணி, தணிக்கை, அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு எல்லாம் ஒரே மேசைக்கு வரும். உள்ளூரில் அந்த அனுபவம் கிடைக்கப் பல வருடம் ஆகும்.

எல்லோராலும் நியூயார்க் போக முடியாது. தருமபுரிக்குப் போவதே பெரும்பாடு. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு. 'பதவி உயர்வு வேண்டாம்' என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். அருந்ததி பட்டாச்சார்யாவே மகளின் படிப்பை முன்னிட்டு வேலையை விட்டுவிட நினைத்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் தலைவரான பிறகு, குழந்தை வளர்ப்புக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதற்கும் பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுக்கும் வசதி ஸ்டேட் வங்கியில் வந்தது.

வேண்டாம் என்று எழுதும் முன் உங்கள் வங்கியின் பதவி உயர்வு விதியைப் படியுங்கள். ஒருமுறை மறுத்தால் சில வருடங்களுக்கு மறுபடி வாய்ப்பே தராத வங்கிகள் உண்டு. ரூரல் சர்வீஸை, அதாவது கிராமக் கிளைப் பணியை, குழந்தை பள்ளி சேரும் முன்பே முடித்துக்கொண்டவர்கள் பின்னால் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கிறேன். நீண்ட விடுப்பு எடுப்பதானால் அந்தக் காலம் சீனியாரிட்டிக்கும் பென்ஷனுக்கும் கணக்கில் வருமா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்ப வேண்டாம்.

போர்டு, அதாவது இயக்குநர் குழு, பதவிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2013 கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. உடனே சில இடங்களில் முதலாளியின் மனைவியோ மகளோ வந்து உட்கார்ந்தார்கள். பெரிய நிறுவனங்களில் சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி பிறகு சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதவு ஓரளவு திறந்திருக்கிறது, ஆனால் அதன் வழியே போகிறவர்களிடமும் கடன், ரிஸ்க், தணிக்கை பற்றித்தான் கேட்பார்கள்.

ஆக, ஸ்கேல் ஒன்றில் இருப்பவர்கள் இந்த வருடம் செய்ய வேண்டியது: சீட் மாற்றம் வரும்போது அட்வான்ஸஸ் (கடன்) பிரிவைக் கேட்டு மேலாளருக்கு எழுதுங்கள். முதலில் எம்.எஸ்.எம்.இ., அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடன்களில் உட்காருங்கள், சின்னத் தொகைதான், ஆனால் பேலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள். ஃபீல்டு விசிட்டுக்குத் தனியாகப் போவது சங்கடமாக இருந்தால் வேளாண் அதிகாரியையோ இன்னொரு ஊழியரையோ கூட அழைத்துப் போகலாம். இரவு ஏழுக்கு மேல் வசூலுக்குப் போகச் சொன்னால் மறுக்கலாம்; கடன்தாரரையே அந்த நேரத்தில் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.