ரோல்பேக் ஆனாலும் அழியாத வரி

இரவில் ஓடும் கணக்கு முடிப்பு வேலை ஒன்று, அதில் ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு லாக் டேபிளில் குறிப்பு எழுதும்படி செய்திருந்தோம். ஒரு நாள் அது பாதியில் நின்றுவிட்டது. காலையில் டேபிளைத் திறந்தால் ஒரு வரி கூட இல்லை, ஏனென்றால் அந்த இன்ஸர்ட்டும் அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள்தான் (முழுதாக முடியும், இல்லையென்றால் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) இருந்தது, ரோல்பேக் ஆனபோது, அதாவது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியபோது, கணக்கோடு சேர்ந்து குறிப்பும் போய்விட்டது.

அதனால் இப்படிப்பட்ட செய்தி டேட்டாபேஸுக்கு வெளியே போக வேண்டும், அதற்குத்தான் சிஸ்லாக், பல ப்ரோக்ராம்களின் லாக் செய்திகளை வாங்கி ஃபைலில் எழுதிவைக்கும் அமைப்பு. 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மெயில் சர்வருக்காக எழுதியது, அப்புறம் யூனிக்ஸ் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு அடையாளம்: எந்தப் பிரிவு, எவ்வளவு அவசரம். அவசரம் 0 முதல் 7 வரை, 0 தான் உச்சம், வெறும் தகவல் என்றால் 6. பிரிவின் எண்ணை 8-ஆல் பெருக்கி அவசரத்தைக் கூட்டினால் வருவது செய்தியின் முன்னுரிமை எண். நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பிரிவு லோக்கல்0, அதன் எண் 16. ஆக ஒரு தகவல் செய்திக்கு 134.

போஸ்ட்கிரெஸில் லாக் டெஸ்டினேஷனை சிஸ்லாக் என்று மாற்றி ரீலோட் கொடுத்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். அந்தப் பக்கம் சிஸ்லாக் அமைப்பிலும் லோக்கல்0 எந்த ஃபைலுக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சரி, பங்ஷனுக்குள் இருந்து எப்படி எழுதுவது? தகவல்தானே என்று பலரும் முதலில் ‘ரெய்ஸ் இன்ஃபோ’ போடுவார்கள். அது க்ளையண்ட் திரையில் தெரியும், ஆனால் சர்வர் லாக்கின் குறைந்தபட்ச அளவு இயல்பாக ‘வார்னிங்’ என்று இருப்பதால் லாக்கில் விழாது. போட வேண்டியது ‘ரெய்ஸ் லாக்’. சர்வர் லாக்கைப் பொறுத்தவரை அது எர்ரரையும் விட மேலே உட்கார்ந்திருக்கிறது, அதனால் வடிகட்டலில் தப்பிவிடும், சிஸ்லாக்கை அடையும்போது அழகாக ‘இன்ஃபோ’ ஆகிவிடும். ட்ரான்ஸாக்ஷன் என்ன ஆனாலும் எழுதிய வரி எழுதியதுதான்.

இந்த மொழிமாற்றத்தில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸின் வார்னிங் சிஸ்லாக்கில் ‘நோட்டீஸ்’ ஆக இறங்குகிறது, எர்ரர் ‘வார்னிங்’ ஆக இறங்குகிறது, ஃபேட்டல்தான் ‘எர்ர்’ ஆகிறது. எர்ர் முதல் மேலே உள்ளதற்கு மட்டும் அலாரம் வைத்திருந்தால், குவெரி தோற்றுப்போன சாதாரண எர்ரர் எதுவும் உங்களை எழுப்பாது. நான் வார்னிங்கிலிருந்தே அலாரம் வைக்கிறேன், சத்தம் கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை.

நீளமான செய்தியை போஸ்ட்கிரெஸ் 1024 பைட்டுக்குள் அடங்கும்படி துண்டாக்கி, 5-1, 5-2 என்று அடைப்புக்குறிக்குள் எண் போட்டு அனுப்பும். முதல் எண் செய்தியுடையது, இரண்டாவது துண்டுடையது. தமிழில் செய்தி எழுதினால் இது சீக்கிரமே கண்ணில் படும், ஏனென்றால் எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ‘அம்மா’ என்பதற்கே 15 பைட்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டாமல் போஸ்ட்கிரெஸ் பார்த்துக்கொள்கிறது, ஆனால் நீங்கள் தேடும் சொற்றொடர் இரண்டு துண்டில் பிரிந்து கிடக்கலாம், அதனால் தேடும்போது சொல்லோடு அந்த முதல் எண்ணையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.