முடுக்கம்: வாய்பாட்டைத் தேடுவதற்கு முன் ஒரு கோடு

மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். கேம்பிரிட்ஜ் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்) தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் நேர்கோட்டு இயக்கத்தில் மதிப்பெண் இழப்பதற்குக் காரணம் கணக்குத் தெரியாமை அன்று. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே வாய்பாட்டைத் தேடத் தொடங்கிவிடும் அவசரம். பெற்றோரும் இதை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் மாலைதோறும் டியூஷனுக்கு அனுப்பி, மேலும் நான்கு வாய்பாடுகளை மனப்பாடம் செய்ய வைப்பதால் இந்தக் குறை தீர்வதில்லை.

அண்மையில் ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்தாள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து, பிரேக் பிடித்தபின் சீராக வேகம் குறைந்து 8 விநாடியில் நிற்கிறது. முடுக்கம் என்ன என்பது கேள்வி. அவள் 72-ஐ 8-ஆல் வகுத்து, 9 என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடும் போட்டிருந்தாள். மணியையும் விநாடியையும் கலந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், ஒரு மணிக்கு 3600 விநாடி என்பதால், 72-ஐ 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 20 மீட்டர் வரும். இனி வாய்பாடு வேண்டாம், விநாடி விநாடியாக எழுதம்மா என்றேன். 20, 17.5, 15, 12.5 என்று எழுதிக்கொண்டே போனவள், "ஒவ்வொரு விநாடிக்கும் இரண்டரை குறைகிறது, மிஸ்" என்றாள். முடுக்கம் என்பது அவ்வளவுதான்: ஒவ்வொரு விநாடியிலும் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. பேருந்து செல்லும் திசையை நேர்க்குறியாகக் கொண்டால், விடை −2.5 மீ/வி².

கடந்த தொலைவுக்கும் இதே வழி உதவும். திசைவேகம் 20-இலிருந்து 0 வரை சீராகக் குறைவதால் சராசரி 10. 8 விநாடிக்கு 80 மீட்டர். முடுக்கம் மாறாதிருக்கும்போது மட்டுமே இந்தச் சராசரி செல்லும் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். பாடநூல் வாய்பாடுகளுக்கும் அதே நிபந்தனை உண்டு. கலிலியோ சாய்தளத்தில் உருண்டையை உருட்டி, மெல்லிய தாரையாக வழிந்த நீரை எடைபோட்டு நேரம் அளந்து, 1638-இல் வெளியிட்ட முடிவும் இதைச் சார்ந்ததே: ஓய்விலிருந்து புறப்படும் பொருள் அடுத்தடுத்த சம கால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமையும்.

எதிர்க்குறிதான் பலரைத் தடுமாற வைக்கிறது. எதிர்க்குறி என்றால் வேகம் குறைகிறது என்று மனப்பாடம் செய்தவர்கள், கேள்வியில் திசை மாறியவுடன் தவறிவிடுகிறார்கள். ஆகவே முதலில் ஒரு கோடு வரைந்து, ஒரு பக்கத்தை நேர்த்திசை என்று அம்புக்குறியால் காட்டச் சொல்கிறேன். போர்ட் லூயி பக்கத்தை நேர்த்திசையாக வைத்துக்கொண்டால், அங்கிருந்து கியூர்பிப் நோக்கிச் செல்லும் மெட்ரோவின் திசைவேகம் எதிர்க்குறி பெறும். அது நிலையத்தில் நிற்பதற்காக வேகத்தைக் குறைக்கும்போது முடுக்கம் நேர்க்குறி பெறும். மீண்டும் புறப்பட்டு வேகமெடுக்கும்போதோ முடுக்கமும் எதிர்க்குறியே. இரண்டின் குறியும் ஒன்றானால் வேகம் கூடும், வேறானால் குறையும். மேலே எறிந்த பந்து உச்சியில் கணநேரம் நிற்கும்போதும் அதன் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி² ஆகவே இருக்கிறது; அது சுழியானால் பந்து அங்கேயே தங்கிவிடும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது.

இந்தக் கணக்கு தேர்வோடு முடிவதில்லை. அதே −2.5 முடுக்கத்தோடு, மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் பேருந்து 20 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் தொலைவு கால்பங்காகிறது. நம் நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110-இல் அது ஏறத்தாழ 187 மீட்டர். கியூர்பிப் மழையில் சாலை நனைந்திருக்கும்போது பிடிமானம் குறைவதால், பிரேக்கால் அந்த முடுக்கத்தைக்கூடத் தர முடியாமல் போகலாம்.

இவற்றையெல்லாம் போட்டு முடித்த மாணவி சற்று யோசித்துவிட்டு, "டிரைவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடியாவது ஆகுமே, மிஸ்? அதுவரை பஸ் அதே வேகத்தில்தானே ஓடும்?" என்று கேட்டாள். பின் தானே முதல் கணக்கின் 80 மீட்டர் கோட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு துண்டு வரைந்து, அதன்மேல் 20 என்றும், முழுக் கோட்டின் கீழே 100 என்றும் எழுதினாள்.