கிழிவதற்காகவே தைத்த கால்சட்டை

செயின்சா, அதாவது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம், ஓட்டுபவர்கள் போடும் பாதுகாப்புக் கால்சட்டையைத் தட்டிப் பாருங்கள், உள்ளே தகடு எதுவும் இருக்காது. லேசாகப் பின்னிய நீள நீளமான செயற்கை இழைகள்தான் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள், அது மணிக்கு 72 கிலோமீட்டர்; போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரியான துணி எதுவும் அதை எதிர்த்து நிற்காது. இந்தத் துணி எதிர்ப்பதும் இல்லை. மேல்துணி கிழிந்ததும் சங்கிலியின் பற்கள் இழைகளைக் கொத்தாக உருவி இழுத்துப் போகின்றன, அவை சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி அடைத்துக்கொள்ள, சங்கிலி அங்கேயே நின்றுவிடும். சைக்கிள் செயினில் பேண்ட் நுனி சிக்கினால் பெடல் நகராதே, அதே கதைதான்.

அதனால்தான் ஒருமுறை உள் இழை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போடக்கூடாது. தையல் இழைகளைப் பிடித்துவைத்தால் அவை எப்படி உருவி வரும்? லேபிளில் உள்ள எண்ணையும் பாருங்கள்: 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சோதித்தது, 2 என்றால் 24, 3 என்றால் 28. இன்னொன்று, பெட்ரோல் மெஷினில் பல்சக்கரம் சிக்கினால் கிளட்ச் வழுக்கிக்கொடுக்கும். மின்சார மோட்டாரோ குறைந்த வேகத்திலும் முறுக்கி இழுக்கும், அதனிடம் இந்தக் கால்சட்டை அவ்வளவு நன்றாக வேலை செய்யாமல் போகலாம்.

ஹெல்மெட், முகவலை, பூட்ஸ் எல்லாம் தெரிந்ததுதான். காதடைப்பை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள், சத்தமோ 100 டெசிபலைத் தாண்டும்.

சரி, எந்த மெஷின்? பெரிய பிளேடு (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஆபத்து பிளேடின் நுனியில் இருக்கிறது. மேல்பக்கம் நம்மைவிட்டு விலகி ஓடும் சங்கிலி நுனியில் கீழே திரும்புகிறது; நுனியின் மேல்பாதி எதிலாவது முட்டினால் அந்த விசை திரும்பி, கண்ணிமைக்கும் நேரத்தில் பிளேடை நம் முகத்துக்குத் தூக்கி எறியும். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக் இதற்காகத்தான். விறகுக் குவியலில் பின்னால் கிடக்கும் கட்டையில் நுனி முட்டுவது சகஜம், பிளேடு நீள நீள நுனி கண்ணிலும் படாது. சாதாரண விறகுக்கு 14 முதல் 16 அங்குல பிளேடும் 40 சிசி அளவு எஞ்சினும் தாராளம். கட்டையின் தடிமனைவிட 2 அங்குலம் கூட இருந்தால் சரி.

அப்புறம், அறுக்கும்போது விழுவதைக் கவனியுங்கள். துருவலாக விழுந்தால் சங்கிலி கூர்மையாக இருக்கிறது. மாவுமாதிரி விழுந்தால் அழுத்தி அறுக்காமல், நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.