ஸ்ப்ரே மசகு: பறந்துபோவது எது, தங்குவது எது?

சென்ற வைகாசியில் குன்றக்குடி அடிவாரத்தில் எங்கள் குடும்ப வேனின் பக்கக் கதவு பாதி வழியில் நின்றுவிட்டது. பழைய வேன் ஒன்றில் நான்கு படுக்கைகள், சிறிய அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஒரு காற்றுச் சாளரம் ஆகியவற்றைப் பொருத்தி, ஊர் ஊராகத் தங்கிச் செல்வதற்கென்று நாங்கள் ஆக்கிக்கொண்ட கேரவன் அது. கதவு கீச்சிடுகிறது என்று மூன்று வாரங்களுக்கு முன்புதான் துருநீக்கும் ஸ்ப்ரே ஒன்றை அதன் ரெயில் முழுவதும் நானே தாராளமாக அடித்திருந்தேன். மெக்கானிக் அந்த ரெயிலில் ஒரு விரலை ஓட்டி எடுத்துக் காட்டினார். குழைத்த குங்குமம் போல ஒரு சிவந்த பசை விரலில் அப்பியிருந்தது. “எண்ணெய் நல்ல எண்ணெய்தான் அண்ணே, அடிச்ச எடந்தான் தப்பு” என்றார். செட்டிநாட்டுச் செம்மண் புழுதியும் நான் அடித்த எண்ணெயும் சேர்ந்து, உருளைகளைத் தேய்க்கும் உப்புத்தாள் போன்ற ஒரு குழம்பாகியிருந்தன.

கடையில் வரிசையாக நிற்கும் ஸ்ப்ரே டின்கள் எல்லாவற்றிலும் ஒரே பொருள்தான் இருக்கிறது என்று எண்ணுவதால் நேரும் பிழை இது. எந்த டின்னாக இருந்தாலும் அதற்குள் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். வெளியே தள்ளுவதற்கான வாயு முதலாவது. மசகை நீர்த்துப்போகச் செய்து இடுக்குகளுக்குள் கொண்டுசேர்க்கும் கரைப்பான் இரண்டாவது. உண்மையில் மசகாக வேலை செய்யும் பொருள் மூன்றாவது. வாயு அந்த நொடியிலேயே போய்விடும். கரைப்பான் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ ஆவியாகிவிடும். கடைசியில் இரும்பின் மீது எது தங்குகிறதோ அதுதான் நாம் விலை கொடுத்து வாங்கிய பொருள். ஆகவே எந்த ஸ்ப்ரேயை வாங்கலாம் என்பதை, அடித்த மறுநாள் அங்கே என்ன மிச்சமிருக்கும் என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

இதைக் கண்ணால் பார்ப்பதற்காக ஓர் எவர்சில்வர் தட்டில் நான்கு வகை ஸ்ப்ரேக்களைத் தனித்தனி வட்டங்களாக அடித்து, திண்ணையில் ஓர் இரவு வைத்திருந்து, காலையில் வாசலில் அள்ளிய புழுதியை அதன் மேல் தூவித் தட்டைச் சாய்த்தேன். துருநீக்கி அடித்த வட்டத்தில் மண் அப்படியே ஒட்டிக்கொண்டது. வெள்ளை லித்தியம் கிரீஸில் அதைவிடத் தடிப்பாக ஒட்டியது. சிலிக்கோன் வட்டத்தில் மெல்லிய படலமாகக் கொஞ்சம் நின்றது. உலர்ந்து வெண்மையாகப் படிந்திருந்த டெஃப்ளான் வட்டத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லா மண்ணும் சரிந்து கீழே விழுந்தது. ஆனால் இதை வைத்து டெஃப்ளானே சிறந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது.

நம் ஊர் மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்ட மையை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். வைக்கோலைக் கரியாக்கி, அதை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்கள். மசகு என்ற சொல்லே அந்த வண்டி மையைக் குறித்ததுதான். வெறும் எண்ணெய் வழிந்துவிடும் என்பதால், அதைப் பிடித்து நிறுத்த ஒரு திடப்பொருள் தேவைப்பட்டது. வேகமாகச் சுழலும் அச்சுகள் தம் சுழற்சியாலேயே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு, இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாதபடி ஒரு படலத்தில் மிதக்கின்றன என்பதை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் கணக்கிட்டுக் காட்டினார். கதவுக் கீலுக்கு அந்த வசதி கிடையாது. அது ஒரு நாளைக்குச் சில முறை, அதுவும் மிக மெதுவாக, கால் வட்டம் திரும்பி நின்றுவிடுகிறது. எண்ணெயை உள்ளே இழுக்கும் வேகம் இல்லாததால் உலோகம் உலோகத்தின் மீதே அமர்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும் பொருள்தான் தேய்மானத்தைத் தடுக்கும்.

வெள்ளை லித்தியம் கிரீஸுக்கு உரிய இடம் இதுதான். லித்தியம் சோப்பின் நுண்ணிழைகள் பஞ்சுபோலப் பின்னி நின்று கனிம எண்ணெயைத் தம்முள் பிடித்துவைக்கின்றன. அழுத்தம் விழும்போது எண்ணெய் கசிகிறது, மற்ற நேரங்களில் அடங்கி நிற்கிறது. சாதாரண லித்தியம் கிரீஸ் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வரை உருகி ஒழுகாது என்பதால், சித்திரை வெயிலில் காய்ந்த தகட்டிலும் இடம்பெயராது. ஸ்ப்ரேயாக அடிக்கும்போது அது கரைப்பானோடு நீராகக் கீலுக்குள் இறங்கி, பிறகு அங்கேயே கெட்டியாகிறது. கதவுக் கீல்கள், ஏறும் மடிப்புப் படியின் மூட்டுகள் போன்ற, எடை தாங்கும் இரும்பு மூட்டுகளுக்கு இதையே அடிக்கிறேன். வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டால், மண் ஒட்டினாலும் உள்ளே போகாது.

ரப்பர் பீடிங்கின் கதை வேறு. அங்கே நடப்பது வேதியியல். வாகனச் சாளரங்களைச் சுற்றிவரும் பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அது முழுக்க முழுக்க ஹைட்ரோகார்பன் சங்கிலிகளின் பின்னல். பெட்ரோலிய எண்ணெயும் அதே ஹைட்ரோகார்பன்தான். இனம் இனத்தோடு சேரும் என்பது மூலக்கூறுகளுக்கும் பொருந்துகிறது: எண்ணெய் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது, ரப்பர் ஊதி, மெத்தென்றாகி, தன் பிடிப்பை இழக்கிறது. எங்கள் கூரைச் சாளரத்தின் பீடிங் இப்படித்தான் ஓரிடத்தில் புடைத்து, ஐப்பசி மழையில் படுக்கைக்கு மேலே சொட்டியது. சிலிக்கோன் எண்ணெயின் முதுகெலும்போ சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி. ஈபிடிஎம்முக்கு அது அந்நியம். உள்ளே புகாமல் மேலேயே பரவி, நீரை விலக்கி, வெயிலில் ரப்பர் தகட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. ஆனால் சிலிக்கோன் ரப்பரால் ஆன வாஷருக்குச் சிலிக்கோன் எண்ணெய் ஆகாது. அங்கே அதுவே அதற்கு இனமாகிவிடும். பெயின்ட் அடிக்கப்போகும் தகட்டின் அருகிலும் இதை அடிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துளி பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிந்தினால் ஆள் வழுக்கி விழுவது உறுதி. ஆகவே துணியில் அடித்து, பிறகு அந்தத் துணியால் ரப்பரைத் துடைப்பதே நல்லது.

அக்ரிலிக் சாளரங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மசகில் உள்ள கரைப்பான் பட்டால், இழுவிசையில் இருக்கும் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் ஓடும். பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லை என்று டின்னில் எழுதியிருந்தாலொழிய அதன் பக்கம் போகவேண்டாம்.

கதவு ரெயிலுக்குத் திரும்புவோம். எடை குறைவு, திறந்த இடம், ஓயாத புழுதி என்ற மூன்றும் சேர்ந்த அந்த இடத்துக்கு உலர்ந்து நிற்கும் மசகே பொருந்தும். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் ராய் பிளங்கெட், குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்காக வைத்திருந்த ஓர் உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைப் பொடி. டெஃப்ளான் என்று நாம் அழைக்கும் பொருள் அதுதான். அதன் கார்பன் சங்கிலியை ஃபுளோரின் அணுக்கள் நெருக்கமாகப் போர்த்தியிருப்பதால் வேறெதுவும் அதில் எளிதில் ஒட்டாது. ஒட்டாத தன்மையே அதன் குறையும்கூட: பலத்த எடை விழும் மூட்டில் அந்தப் படலம் சுரண்டப்பட்டுவிடும்.

பூட்டுகளுக்கு எங்கள் வீட்டில் ஆச்சி காலம் தொட்டுத் தேங்காய் எண்ணெய்தான். வளவுக் கதவின் பெரிய பூட்டைத் திறந்து பார்த்தபோது, பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சிக்குப் பிடித்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உண்டாக்கியது அது. பூட்டுக்கு உகந்தது கிராஃபைட் பொடி. அதன் அணு அடுக்குகள் சீட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று நழுவும். 6பி பென்சிலைச் சாவியின் பற்களில் தேய்த்து நுழைத்தாலும் ஓரளவு பலன் தெரியும். கிராஃபைட் இட்ட பூட்டில் பிறகு எண்ணெய் விட்டுவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் சேறுதான்.

அப்படியானால் நான் அடித்த துருநீக்கி எதற்கு? துரு ஏறினால் இரும்பு பல மடங்கு பருமனாகிறது; அதனால்தான் நட்டும் போல்ட்டும் இறுகிப்போகின்றன. அந்த மயிரிழை இடுக்கில் நுண்புழை ஏற்றத்தால் தானே ஏறிச் செல்லுமளவுக்கு நீர்த்த திரவம் தேவை. இந்த வகையில் பெயர்பெற்ற டபிள்யூடி-40, 1953-இல் சான் டியாகோவில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் காக்க உருவாக்கப்பட்டது. நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதே அந்தப் பெயரின் பொருள். தொண்டிக் கடற்கரையில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தால் சக்கர நட்டுகளுக்கு அருகில் படியும் உப்பு ஈரத்தை விரட்ட இவ்வகை ஸ்ப்ரே அருமையானது. அடித்து, ஓர் இரவு ஊறவிட்டு, கழற்றி, துடைத்தபின் உரிய கிரீஸை இட வேண்டும். நீர்த்த எண்ணெய் அங்கே நெடுநாள் நிற்காது.

பிரேக் டிஸ்க்கில் எந்த ஸ்ப்ரேயும் படக் கூடாது. எரிவாயு ரெகுலேட்டருக்கு மசகே வேண்டாம்; கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை போதும். டின்னைத் தள்ளும் வாயு பெரும்பாலும் அடுப்பில் எரியும் அதே பியூட்டேனும் புரொப்பேனும்தான். ஆகவே கேரவனுக்குள் அடிக்கும்போது அடுப்பை அணைத்து, கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டின்னிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நம் ஊர்ச் சித்திரையில் அந்தச் சூடு வெகு எளிதாக வந்துவிடும் என்பதால், டின்கள் இப்போது எங்கள் முகப்பில் நிழலான அலமாரிக்குள் இருக்கின்றன.

ரெயிலை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க அரை நாள் ஆனது. ஆடிக் காற்று தொடங்கும் முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் தையில் ஒரு முறை அதற்கு டெஃப்ளான் அடிக்கிறேன். அடிக்கும் முன் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் செம்மண்ணை மூலை வரை தட்டிவிடுகிறேன்.