மேல்முதுகுச் சுளுக்கு ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது?

"வாயு பிடிச்சிருக்கு சார், ரெண்டு மாசமா போகவே மாட்டேங்குது." என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பூக் கட்டுகிறவர்கள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், தையல்காரர்கள், மதுரை மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவர்கள், நாள் முழுக்க லேப்டாப்பைக் குனிந்து பார்க்கிற பிள்ளைகள் எல்லோருமே காட்டுகிற இடம் ஒன்றுதான், தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில்.

அது வாயு இல்லை. தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும் டிரப்பீசியஸ், ராம்பாய்டு போன்ற தசைகளில் சில நார்கள் இழுபட்டோ கிழிந்தோ போயிருக்கும். லேசானது என்றால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், கொஞ்சம் பலமாகப் பிடித்திருந்தால் 6 முதல் 8 வாரம் ஆகும். அதையும் தாண்டி வலிக்கிறதென்றால், பெரும்பாலும் கிழிசல் ஆறியிருக்கும், ஆனால் அந்தத் தசைக்குப் பழைய பலம் திரும்பியிருக்காது. பலமில்லாத தசை மேல் பழைய வேலையை அப்படியே ஏற்றினால் அது மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு வலி பாதி குறைந்ததும் நேரே மூட்டை தூக்கப் போய்விடுகிறார்கள். ஆண்கள் சிலர் இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்குவதில்லை, பெண்களுக்கோ ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது, மறுநாளே இடுப்பில் குடம். இரண்டுமே கெடுதல்தான். அப்புறம் இந்தச் சுளுக்கு வழித்துவிடுகிற சமாச்சாரம். முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தித் தேய்க்கவே கூடாது. அதற்குப் பிறகு லேசாக எண்ணெய் தேய்ப்பதோ வெந்நீர் ஒத்தடமோ சுகமாக இருக்கும், செய்துகொள்ளுங்கள், ஆனால் அதனால் தசைக்குப் பலம் வராது.

பூக் கட்டுகிற ஓர் அக்காவுக்கு நான் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, முகூர்த்த நாளில் யார் நிறுத்துவார்கள்? பூத்தட்டை முக்காலி மேல் வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாலு முழம் கட்டியதும் எழுந்து கையை நீட்டி மடக்கிவிட்டு வந்து உட்காரச் சொன்னேன். கூடவே பயிற்சி: சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து ஐந்து வரை எண்ணுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் குனிந்து முழங்கையைப் பின்னால் இழுப்பது. பாட்டில் லேசாகத் தெரிந்ததும் கட்டைப்பையில் இரண்டு பாட்டில். நிறைகுடம் 15 கிலோவாவது இருக்கும், அதனால் முதலில் அரைக்குடம்தான், அதையும் இடுப்பு மாற்றி மாற்றி.

பயிற்சியில் வலி வந்தால் பயப்பட வேண்டாம். தாங்கவே முடியாத வலிக்குப் பத்து என்றால், மூன்று என்கிற அளவுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் சரி. தணியவில்லையா, எடையைக் குறையுங்கள், பயிற்சியையே விட்டுவிடாதீர்கள்.

முதுகுவலி எல்லாமே சுளுக்கும் இல்லை. முதுகோடு நெஞ்சும் இறுக்கி, வியர்த்து, மூச்சு முட்டினால் சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி தூங்கவிடாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். கை மரத்துப்போனால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். கால் தளர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட பிறகு வலது தோள்பட்டைக்குக் கீழே வலிக்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுப்பது நல்லது.

பெல்ட் வாங்கலாமா என்று கேட்காதவர்களே இல்லை. முதுகை நிமிர்த்திப் பிடிக்கிற அந்த பெல்ட்டை நாளெல்லாம் மாட்டியிருப்பதால் தசைக்குப் பலம் வராது, அந்தக் காசுக்கு ஒரு நல்ல முக்காலி வாங்கிவிடலாம். தலையணை உங்கள் இஷ்டம், கழுத்து மடங்காமல் இருந்தால் போதும்.